களை நட்ட பருவம்

1969 ஜூலை: என் மனைவி தாவர வகைப்பாட்டியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டாள். பொருள், தஞ்சை மாவட்டத்து நெல்வயல்களில் வளரும் கோரைகள்.

1973 மே: ஆய்வுக் காலம் முடிந்தது. ஓராண்டு நீட்டிப்புத் தரப்பட்டது. இனி நீட்டிப்பு இல்லை என்றும் எழுதப்பட்டது.

1973 நவம்பர்: நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், களையெடுப்புக் கூலியை உயர்த்தித் தரக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் சம்பா வயலில் இறங்க மறுத்தார்கள். அதே மாதத்தில் நானும் என் மனைவியும் அந்த ஊருக்குச் சென்றோம்.

1973 டிசம்பர்: கூலி குறித்து உடன்பாடு ஏற்பட்டது. களையெடுப்பு தொடங்கியது.

1974 ஏப்ரல்: ஆய்வேடு அளிக்கப்பட்டது.

2019 ஆகஸ்ட்: என் மனைவி காலமானாள். தஞ்சாவூரில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

நடந்தவை இவை. இவற்றுள் நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட சில வாரங்களைப் பற்றி மட்டும் எழுத நினைக்கிறேன். அந்த வாரங்களுக்காக நான் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் தாவரவியல் கற்பித்தோம். வகைப்பாடு என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது மனப்பாடம்தான்: குடும்பம், பேரினம், சிற்றினம், இலத்தீன் பெயர். ஒரு செடியை இன்னொரு செடிக்கு அருகில் வைப்பதா, தள்ளி வைப்பதா என்ற கேள்வியில் ஒருவர் ஐந்தாண்டுகள் குடியிருக்க முடியும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை. என் மனைவி அப்படிக் குடியிருந்தாள்.

நெல்லுக்கும் கோரைக்கும் உள்ள வேறுபாட்டை விரலே சொல்லிவிடும். தண்டை இரு விரல்களுக்கு இடையில் உருட்டினால் நெல் உருளும். கோரை தன் மூன்று விளிம்புகளால் தடுக்கும். ஒரு கோரையை இன்னொரு கோரையிலிருந்து பிரிப்பதற்கு விரல் போதாது. கடுகைவிடச் சிறிய அதன் காயைப் பழுத்த நிலையில் எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதன் மேலுள்ள வரிகளைப் பார்க்க வேண்டும். மண்ணுக்கடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும். சில கோரைகள் ஒற்றைக் கொத்தாக நிற்கும். சில மண்ணுக்குள் பக்கவாட்டில் தண்டை ஓடவிட்டு, சற்றுத் தள்ளி அடுத்த கொத்தை எழுப்பும். அதை ஓடுதண்டு என்போம். ஓடுதண்டு உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்வியில் எங்கள் நூல்கள் கோரைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து அனுப்பிவிடும்.

குளக்கரைகளில் வளரும் கோரை ஒன்றுக்கு ஓடுதண்டு உண்டு. அதன் பழுத்த காயை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பெயரும் உண்டு. நெல்வயலில் அதைப் போலவே மெலிந்த ஒன்று வளர்ந்தது. அதற்கு ஓடுதண்டு இல்லை. அதன் பழுத்த காயை எவரும் பார்த்ததில்லை. வயல் கோரை வேறு இனம், இதுவரை எவரும் விவரிக்காத இனம் என்று என் மனைவி கருதினாள். அவளுடைய ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அந்தக் கருத்தின்மேல் நின்றது. காயைக் காட்டாமல் அந்த அத்தியாயத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி.

காய் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் எளியது. எங்கள் பக்கத்தில் களையெடுப்பு அவ்வளவு சுத்தமாக நடக்கும். நடவு நட்ட சில வாரங்களில் பெண்கள் வரிசையாக இறங்கி, கோரையைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுவார்கள். தப்பியது இரண்டாம் களையில் போகும். வரப்போரத்தில் ஒதுங்கியதை ஆடு மேயும். நாங்கள் கல்லூரித் தொட்டியில் சேறு நிரப்பி வளர்த்துப் பார்த்தோம். பூத்தது, காய் எல்லாம் பதராகிச் செடியும் சீக்கிரமே வாடிப்போனது. பழைய உலர்செடிக் காப்பகங்களில் இருந்த மாதிரிகளையும் அவள் பார்த்து வந்திருந்தாள். தாளில் ஒட்டியிருந்தவை எல்லாம் இளஞ்செடிகள்.

நீட்டிப்பில் பாதி கழிந்திருந்த ஒரு நாளில், கல்லூரி வாசகசாலையில் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு என்னிடம் வந்தாள். களையெடுப்பு நின்றுபோனதால் வயல்களில் கோரை மண்டுகிறது, பயிர் பாழாகிறது என்று மிராசுதார்கள் அரசிடம் முறையிட்டதாகச் செய்தி.

“ஏங்க, இந்த வயல்ல எல்லாம் காய் பிடிக்கும்” என்றாள்.

சொன்னவுடன் திரும்பிப் போய் அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். தான் சொன்னதன் மறுபக்கம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மாநிலத்தின் பெயர் மாறி, அரசு அலுவலகங்களின் பலகைகளில் தமிழ் பெரிதாகியிருந்த காலம் அது. நில உச்சவரம்புக்குச் சட்டம் இருந்தது. குத்தகைக்குச் சட்டம் இருந்தது. கூலிக்கும் இருந்தது. களத்தில் கூலி நெல்லை மரக்காலால் அளக்கும்போது மட்டும் சட்டம் சற்றுத் தள்ளியே நின்றது. நன்னிலம் போகும் பேருந்தில் போலீஸ்காரர்களும் ஏறினார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் முகாம் போட்டிருந்தார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை.

செடி சேகரிப்பவர் நிலத்துக்கு உரியவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம். ஆகவே மிராசுதார் வீட்டுக்குச் சென்றோம். காப்பி கொடுத்தார். என் மனைவி கோரையைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“தாராளமா எடுத்துக்குங்கம்மா. ஒண்ணு ரெண்டு எதுக்கு? காலேஜ் புள்ளைங்கள அழைச்சிக்கிட்டு வாங்க. லாரி அனுப்புறேன். மத்தியானம் சாப்பாடு நம்ம வீட்டுல. வேரோட எடுக்கணும்னீங்களே, வேரோடயே எடுக்கட்டும்.”

வெளியே வந்தபோது, கல்விமேல் இவ்வளவு மதிப்புள்ளவரைப் பார்த்ததில்லை என்று நான் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். அந்த ஊரில் அன்று அவர் சொன்னதன் பொருள் புரியாதவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

வயல் நெல்லும் கோரையுமாகக் கலந்து நின்றது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நான் செடி அழுத்தும் பலகையோடும் பழைய செய்தித்தாள்களோடும் வரப்பில் நின்றேன். முதல் செடியை அவள் கரண்டியால் நெம்பி எடுத்து வேரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏ, யாரது வயல்ல குனிஞ்சு நிக்கிறது?”

“நம்ம ஊரு ஆளு இல்ல போலருக்கே. கண்ணாடி போட்ருக்கு.”

“கண்ணாடி போட்ட ஆளா பாத்து எறக்கிட்டாரா ஐயா! எந்த ஊருலேருந்துடி வந்த?”

கணநேரத்தில் வரப்பு முழுவதும் பெண்கள். முன்னால் நின்றவர் நடுவயதுக்காரர், கோஷம் போட்டுப் போட்டுக் கம்மிய குரல். தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் பக்கம் பேசுகிறவர் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

“நான் களை எடுக்க வரலைங்க. படிக்கிறதுக்கு எடுக்குறேன்” என்றாள் என் மனைவி.

“கோரையவா படிக்கப் போற? புஸ்தகம் அவ்வளவு வெல ஏறிப்போச்சா?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

சிரிப்பு எழுந்தது. முன்னால் நின்றவர் சிரிக்கவில்லை.

“கையில இருக்கிறது என்னம்மா?”

“கோரைங்க.”

“எங்க இருந்துச்சு?”

“வயல்லங்க.”

“வயல்ல இருந்த கோரை வேரோட கைக்கு வந்துட்டா, அதுக்குப் பேரு என்ன?”

வாய்மொழித் தேர்வுகளில்கூட என் மனைவி அப்படித் திகைத்து நான் பார்த்ததில்லை.

“இவரு யாரு? மேஸ்திரியா?”

“என் வீட்டுக்காரருங்க.”

“வீட்டுக்காரரு வரப்புல, நீ சேத்துல! நல்லா வச்சிருக்காரும்மா குடும்பத்த.”

நான் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினேன். யாரோ கைதட்டினார்கள்.

யாரிடம் கேட்டு இறங்கினீர்கள் என்று அந்த அம்மாள் விசாரித்தார். மிராசுதார் சொன்னதை என் மனைவி அப்படியே சொன்னாள்: லாரி, மாணவர்கள், மத்தியானச் சாப்பாடு. சொல்லச் சொல்ல வரப்பில் சிரிப்பு நின்றது.

“எத்தன புள்ளைங்கம்மா இருக்கு ஒங்க காலேஜுல?”

“எங்க டிபார்ட்மெண்டுல மட்டும் நூறு பேருக்கு மேலங்க.”

“நூறு பேரு ரெண்டு நாளு எறங்குனா போதும். நாங்க அடுப்ப அணைச்சுட்டு ஒக்காந்திருக்கிறது அத்தனையும் வீணு. வெளியூரு ஆள எறக்குனா நாங்க மறிப்போம்னு அவருக்குத் தெரியும். படிக்கிற புள்ளைங்கள எப்புடி மறிக்கிறது?”

என் மனைவி கையிலிருந்த செடியைப் பார்த்தாள். எண்ணிக்கை எங்கள் இயலில் பெரிய செல்வம். ஓர் இனத்தைப் புதிதென்று சொல்ல ஒரு செடி போதாது. எத்தனை அதிகமோ அத்தனை உறுதி. அவளுக்குத் தேவைப்பட்டதற்கும் மேலாகவே ஒரே நாளில் கிடைக்கும் வழி அவளுக்குத் திறந்திருந்தது. அது எனக்குத் தெரிந்ததுபோல் அவளுக்கும் தெரிந்திருந்தது.

“கூட்டிட்டு வர மாட்டேங்க” என்றாள். என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருப்பதாக அவள் நினைக்கவில்லை என்பதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு வரப்பில் ஒரு விவாதம் நடந்தது. அதை நான் வகைப்பாட்டு விவாதம் என்றே சொல்வேன். களை என்ற வகுப்பு தாவரவியல் நூல்களில் இல்லை. விதைத்தவர் விரும்பாத இடத்தில் நிற்கும் எதுவும் களைதான். நேற்றுக் களையாக இருந்தது நாளை தீவனமாகலாம். ஆனால் களையெடுப்பு என்ற செயலுக்கு அந்த ஊரில் அந்த வாரங்களில் மிகத் துல்லியமான எல்லைகள் இருந்தன. வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்தால் குற்றமில்லை. வயலுக்குள் கால் வைத்து அறுத்தால் குற்றம். மேலே நுனியை மாடு கடித்தால் பரவாயில்லை. கோரை திரும்பத் துளிர்க்கும். வேர் வெளியே வந்தால் அது வேலை, வேலை செய்தவர் கருங்காலி.

“தல வேணும்னா கிள்ளிக்க. வேரு வயல்லயே இருக்கணும்” என்று அந்த அம்மாள் தீர்ப்பளித்தார்.

“வேரையும் பாக்கணுங்க. வேரு பாக்காம இது என்ன கோரைன்னு சொல்ல முடியாது.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு...” என் மனைவி தயங்கினாள். “வரைஞ்சுக்கிட்டு, திரும்ப நட்டுடுறேங்க.”

“கோரைய நடப்போறாளாம்டி!”

“ஐயா பாத்தாருன்னா நெஞ்சடைச்சே போயிருவாரு!”

“நடவுக் கூலி யாரு குடுப்பா டீச்சரம்மா?”

அன்று பிற்பகல் முழுவதும் அவள் செடி செடியாக எடுத்தாள். வாய்க்காலில் வேரைக் கழுவி, வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி, அளந்து, பென்சிலால் வரைந்தாள். அந்தச் செடியின் தண்டில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டி, எடுத்த குழியிலேயே மீண்டும் நட்டாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் செடி குழிக்குள் போனபோது, புஸ்தகத்தின் விலையைக் கேட்ட அந்தப் பெண் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடவுத் தொடக்கத்தில் நெல் நாற்றுக்குப் போடும் குலவை அது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து பார்த்துவிட்டு, எதை எழுதுவதென்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

அன்று முதல் வாரம் ஒருமுறை சென்றோம். நூல் கட்டிய செடிகளில் சிலவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்து, மீண்டும் நட்டாள். காய் பச்சையாகவே இருந்தது. சங்கத்தார் புளியமரத்தடியில் பொதுவாகக் கஞ்சி காய்ச்சினார்கள். நாங்கள் கொண்டுபோன அரிசி அந்தப் பானைக்குப் போனது. எவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எங்களுக்கும் ஒரு குவளை கஞ்சி கிடைத்தது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு தவிர்க்கப்பட்டது. காய் பழுக்க வேண்டுமானால் போராட்டம் நீடிக்க வேண்டும். போராட்டம் நீடித்தால் அந்தப் பானையில் தண்ணீர்தான் கூடும். கஞ்சிக் குவளையோடு அமர்ந்திருந்தபோது அந்த அம்மாளே அதைக் கேட்டுவிட்டார்.

“ஒங்க காய் பழுக்க இன்னும் எவ்வளவு நாளு ஆவும் டீச்சரம்மா?”

“ரெண்டு வாரமாவது ஆகுங்க. அதுக்கு முன்னாடியே உங்களுக்கு முடியட்டும்.”

“முடிஞ்சா மறுநாளே எறங்கிருவோமே. ஒங்க கோரை?”

“போகட்டுங்க.”

அவர் என் மனைவியின் குவளையைத் தொட்டுக் காட்டி, “குடிங்க, ஆறுது” என்றார்.

அடுத்த முறை சென்றபோது, முதல் நாள் எடுத்து நட்ட செடி ஒன்றை அவள் மறுபடி நெம்பினாள். வேரைக் கழுவியவள் தட்டில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“ஏங்க, இங்க வாங்க.”

வேர்க்கொத்தின் ஓரத்தில், ஊசி அளவில், வெளுத்த ஒரு தண்டு பக்கவாட்டில் கிளம்பியிருந்தது. ஓடுதண்டு. அதே செடியை முதல் நாளில் வரைந்த படத்தில் அது இல்லை. அடுத்த செடியை எடுத்தாள், அதிலும் இருந்தது. மூன்றாவதில் இரண்டு கிளம்பியிருந்தன. அவள் எல்லாவற்றையும் வரைந்தாள். எப்போதும்போல் திரும்ப நட்டாள். மண்ணை விரலால் அழுத்திவிட்டு எழுந்தாள்.

திரும்பும் பேருந்தில் சொன்னாள்.

“ரெண்டும் ஒண்ணுதாங்க.”

“காயைப் பாத்துட்டுச் சொல்லு.”

“காயும் அதைத்தான் சொல்லும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒரே ஆளோட சின்ன வயசுப் படத்தையும் பெரிய வயசுப் படத்தையும் வச்சுக்கிட்டு, அண்ணன் தம்பின்னு நாலு வருஷத்துக்கு மேல எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.” சிரிக்கத்தான் செய்தாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

அதற்கு முன் கோரையைச் சேகரித்த யாரும், நாங்கள் உட்பட, எடுத்த செடியைத் திரும்ப நட்டு, மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை. பிடுங்கி, அழுத்தி, உலர்த்தித் தாளில் ஒட்டினால் அந்தச் செடிக்கு அதற்குமேல் வயது ஆகாது. வயலில் இளமையில் பிடுங்கப்பட்டவை ஒரு தாளிலும், குளக்கரையில் எவரும் தொடாமல் முதிர்ந்தவை இன்னொரு தாளிலும் சேர்ந்தன. இரண்டு தாள்களை இரண்டு இனங்கள் என்று கொண்டோம். வேரை வயலிலேயே விடச் சொன்ன பெண்கள் தாவரவியலுக்காக அதைச் சொல்லவில்லை; தங்கள் கூலிக்காகச் சொன்னார்கள். அந்த நிபந்தனை இல்லாமற் போயிருந்தால், இயற்கையில் இல்லாத ஒரு இனத்தை என் மனைவி அச்சில் ஏற்றியிருப்பாள். பிறகு யாரோ ஒருவர் அதைத் திருத்த வேண்டி வந்திருக்கும்.

ஆயினும் காய் வேண்டும். ஓடுதண்டு தந்தது சந்தேகம் மட்டுமே. காயைக் கண்டால்தான் முடிவு. அடுத்த வாரம் நாங்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். போலீஸ் வண்டி இல்லை. முந்தின நாள் மாலை உடன்பாடு ஆகிவிட்டதாகத் தேநீர்க்கடையில் சொன்னார்கள். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் சிறிதில்லை.

“நல்லதுங்க” என்றாள் என் மனைவி. அதை அவள் மனதாரச் சொன்னாள். சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி வயல் சுத்தமாகியிருந்தது. வரப்பெங்கும் கோரைக் குவியல்கள், சேறு அப்பி, மிதிபட்டு, தலை நசுங்கிக் கிடந்தன. அவள் வரப்பு முனையில் நின்றுவிட்டாள். பண்ணையின் காரியக்காரர் குடையோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“கூலி ஏத்தினதும் கண்ணு அவிஞ்சு போச்சா? அங்கங்க விட்டுட்டுப் போறீங்களே! அந்தா நிக்குது, இந்தா நிக்குது!”

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். சுத்தமான வயலில், நெல்லுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரைகள் நின்றன. எல்லாவற்றின் தண்டிலும் சிவப்பு நூல்.

“அது களை இல்லீங்க” என்றார் அந்த அம்மாள், நிமிராமலே. “டீச்சரம்மா பயிரு.”

“பயிரா? கோரையா?”

“நடவு நட்டா பயிருதானுங்களே. நாங்கள்ல குலவை போட்டோம்.”

வரிசை முழுவதும் சிரித்தது. காரியக்காரர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். இரண்டாம் களையில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் களைக்குள் காய் பழுத்துவிட்டது.

இப்போது வேரோடு எடுக்கலாம், தடை நீங்கியிருந்தது. ஆயினும் என் மனைவி அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டே எடுத்தாள். உருப்பெருக்கியின் கீழ் வயல் கோரையின் காயையும் குளத்துக் கோரையின் காயையும் அருகருகே வைத்தபோது, வரிக்கு வரி பொருந்தின. என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் பார்த்தேன். அது ஒரு அழகான காய்; தேன் நிறத்தில், பனையோலைப் பெட்டியின் முடைச்சலைப் போன்ற கட்டங்களோடு இருந்தது.

நடு அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினாள். நெறியாளர் படித்துவிட்டு, “அப்ப புதுசா ஒண்ணும் இல்லையாம்மா?” என்று கேட்டார்.

“நான் வச்சிருந்ததுல ஒண்ணு குறைஞ்சிருக்கு சார்” என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஆய்வேடு ஏற்கப்பட்டது. புதிய இனம் கண்டவர் என்ற இடம் அவளுக்கு அமையவில்லை. அதன் பிறகும் அமையவில்லை. அதைப் பற்றி அவள் ஒருமுறைகூடக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. இரண்டென நினைத்தது ஒன்றென்று காட்டுவதும் வகைப்பாட்டின் பணிதான். அதற்கு விழா எடுப்பவர்கள் குறைவு, அவ்வளவே.

நன்றியுரையில் சேர்க்க அந்தப் பெண்களின் பெயர்களைக் கேட்டுச் சென்றாள். குலவை போட்டவள் கைகளை ஆட்டி மறுத்தாள்.

“பேரெல்லாம் போட்டுராதீங்க டீச்சரம்மா. எங்க மேல கேசு இருக்கு. போலீஸ்காரன் புஸ்தகம் படிக்க மாட்டான், பேர மட்டும் படிப்பான்.”

ஆகவே ஆய்வேட்டில் நிலத்துக்கு உரியவரின் பெயர் இருக்கிறது. அதன் கீழே, ‘நான் வயலில் இறங்க இசைந்த பெண்களுக்கும்’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.

பல ஆண்டுகள் அந்த ஊரோடு தொடர்பு இருந்தது. அறுவடைக்குப் பிறகு யாராவது பயறு கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அம்மாளுக்குப் பிற்காலத்தில் சிறு துண்டு நிலத்துக்குப் பட்டா கிடைத்தது. பட்டாவைக் காட்டுவதற்கென்றே தஞ்சாவூர் வந்தார். “எம் வயல்லயும் கோரை மொளைக்குது டீச்சரம்மா, வந்து படிங்க” என்றார். அவருடைய பேத்தி எங்கள் கல்லூரியில் கணிதம் படித்தாள். பிறகு முதுமை வந்தது. பேருந்து ஏறுவது இருபுறத்தாருக்கும் கடினமாயிற்று.

என் மனைவி இறந்த பிறகு இரங்கல் சொல்ல வந்தவர்கள் அவளுடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அவளிடம் அறிந்தது வேறொன்று. தான் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நம்பியதை ஒரு பிற்பகலில், சேற்றில் நின்றபடி, ஓர் ஊசியளவுத் தண்டைப் பார்த்துக் கைவிட அவளால் முடிந்தது. அப்படி ஒருவரோடு நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த மேசையின் ஒரு பக்கம் இப்போது காலியாக இருக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

பூம்புகார்க் கரையில் அவள் கடைசியாகச் சேகரித்த செடிகள் இன்னும் செய்தித்தாள் மடிப்புகளுக்குள் இருக்கின்றன. தாளில் தைக்க வேண்டும்.

அவற்றுள் அவள் பெயர் எழுதாமல் விட்டவற்றுக்கு நான் ஊகித்து எழுதக் கூடாது. இத்துறையில் இளையவர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

உருப்பெருக்கியின் வில்லையில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. துடைக்க வேண்டும்.

நன்னிலம் பேருந்தில் ஏற வேண்டும். அந்த ஊரில் அன்றைய பெண்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, டீச்சரம்மா போய்விட்டாள் என்று நேரில் சொல்ல வேண்டும்.